நாத்து நடுற கைக்கும் கலர் நகம்: எந்த ஸ்டைல் நிக்கும், எது உரியும்?

நெய்வேலி:

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு அருகே உள்ளது வளையமாதேவி. 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் பரவனாறு வாய்க்கால் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயலில் என்.எல்.சி. நிறுவனத்தின் பொக்லைன் எந்திரங்கள் இறங்கியபோது தமிழ்நாடு முழுக்க அடிபட்ட அதே ஊர்தான். ஆனால் இது நிலத்தைப் பற்றிய செய்தி அல்ல. அப்படிப்பட்ட நிலத்தில் நாற்று நடுகிற, களை எடுக்கிற கைகளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கையில் இருக்கிற பத்து நகங்களைப் பற்றியது.

நெயில் பாலிஷ் என்றாலே சினிமா நடிகைகள் சமாச்சாரம் என்று இருந்த காலம் மலையேறி விட்டது. நாற்று நடப் போகிற பெண்ணும் பூசுகிறார், சித்தாள் வேலைக்குப் போகிறவரும் பூசுகிறார், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை விரித்துக் காட்டுகிற பெண்ணும் பூசுகிறார். ஃபேன்சி ஸ்டோரில் 20, 30 ரூபாய்க்கே பாட்டில் கிடைக்கிறது. வடலூர் தைப்பூசம் மாதிரி திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வளையல் கடை பக்கத்திலேயே பாலிஷ் பாட்டிலும் வரிசை கட்டி நிற்கும்.

சிக்கல் எங்கே என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆசை ஆசையாகப் போட்ட பாலிஷ் புதன்கிழமை பார்த்தால் திட்டுத்திட்டாக உரிந்து நிற்கிறது. பாதி உரிந்த நகத்தோடு இருப்பதற்கு போடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பல நேரம் தப்பு பாட்டிலில் இல்லை, தண்ணீரில்தான்.

தண்ணீர் குடிக்கும் நகம்

நகம் பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தாலும், கெரட்டின் என்ற புரதம் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. தலைமுடியும் மாட்டுக் கொம்பும் இதே சரக்குதான். கை தண்ணீரில் ஊறினால் நகம் தண்ணீரைக் குடித்து லேசாக உப்பும். காய்ந்ததும் பழையபடி சுருங்கும். மேலே இருக்கிற பாலிஷ் இப்படி உப்பிச் சுருங்காது. நகம் ஒரு பக்கம் இழுக்க, பாலிஷ் ஒரு பக்கம் நிற்க, நடுவில் விரிசல் விழுகிறது. அந்த விரிசல் வழியே திரும்பத் தண்ணீர் போகிறது. அப்புறம் தோல் உரிகிற மாதிரி உரிய வேண்டியதுதான்.

துணி துவைத்து முடித்த கையோடு, பாத்திரம் கழுவின கையோடு பாலிஷ் போட உட்காரக் கூடாது என்பது இதனால்தான். வயலில் இருந்து வந்தால் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, ஒரு மணி நேரமாவது நகம் நன்றாக உலர வேண்டும். பார்லரில் கையை வெந்நீரில் ஊற வைத்துவிட்டு உடனே பாலிஷ் போட்டால் அதுவும் சீக்கிரம் கிளம்பும். ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்து, எல்லா வேலையும் ஒழிந்த பிறகு போடுவதுதான் உத்தமம்.

போடும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நகத்தை முதலில் நேராக வெட்டி, ஓரத்தை மட்டும் லேசாக ராவ வேண்டும். தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு நகத்தில் இருந்தால் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு தடவை துடைத்துவிட வேண்டும். பிறகு நிறம் இல்லாத பேஸ் கோட் ஒன்று. அதன் மேல் கலர் இரண்டு தடவை, மெலிசாக. ஒரே தடவையாகக் கெட்டியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும், போர்வையைத் தொட்டாலே தடம் விழும். கடைசியாக டாப் கோட். நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும். உரிவது எப்போதும் அந்த நுனியில் இருந்துதான் ஆரம்பிக்கும் என்பதால் இந்த ஒரு இழுப்பு இரண்டு நாள் கூட வாங்கித் தரும்.

தொட்டுப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் காய்ந்த மாதிரி தெரியும். உள்வரை இறுகச் சில மணி நேரம் ஆகும்.

கார் பெயிண்டுக்கு தங்கச்சி

பாட்டிலைத் திறந்ததும் ஜிவ்வென்று ஒரு வாடை வருகிறதே, அது எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் என்ற கரைப்பான்களின் வாடை. அவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளைக் கரைத்து, நிறம் சேர்த்ததுதான் நெயில் பாலிஷ். கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிச்சம் இருப்பது நகத்தின் மேல் ஒரு தகடு மாதிரி படிகிறது. 1920-களில் கார்களுக்கு வேகமாகக் காயும் பெயிண்ட் செய்ய வந்த அதே சரக்கு. அமெரிக்காவில் 1932-ல் ரெவ்லான் கம்பெனி நெயில் பாலிஷை வைத்துத்தான் கடையைத் திறந்தது. நம் நாட்டில் 1952-ல் டாடா குழுமம் லாக்மே கம்பெனியைத் தொடங்கியது. இப்போது அது இந்துஸ்தான் யூனிலீவர் கையில் இருக்கிறது.

இந்த விவரம் எதற்கு என்றால், நைட்ரோசெல்லுலோஸும் அந்தக் கரைப்பான்களும் பெட்ரோல் மாதிரி குப்பென்று பற்றிக்கொள்ளும். பாலிஷை அடக்கும் ரிமூவரும் அப்படித்தான். அடுப்படியில் உட்கார்ந்து பாலிஷ் போடுவது, சீக்கிரம் காயட்டும் என்று ஈரப் பாலிஷோடு கேஸ் அடுப்பு பக்கம் கையை நீட்டுவது, சாமி விளக்குக்குப் பக்கத்தில் ரிமூவர் பாட்டிலைத் திறந்து வைப்பது, எல்லாமே ஆபத்து. ஜன்னல் ஓரம், திண்ணை, வாசல்படி. அங்கேதான் சரி.

வேலைக்காரக் கைக்கு என்ன ஸ்டைல்?

நீள நகம் வளர்த்து, கல் பதித்து, சங்கிலி தொங்கவிடும் நெயில் ஆர்ட் எல்லாம் போட்டோவுக்கு அழகு. களைக்கொட்டு பிடிக்கிற கைக்கு ஒரு நாள் தாங்காது. ஒட்ட வெட்டிய குட்டை நகத்துக்கு ஏற்ற டிசைன்களும் நிறைய இருக்கின்றன.

வீட்டிலேயே போட ரொம்ப எளிது புள்ளி டிசைன். கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரிந்த கைக்கு இது ஒன்றுமே இல்லை. கொண்டை ஊசியின் உருண்டை முனையையோ, எழுதி முடித்த பால்பாயின்ட் ரீஃபில் முனையையோ வேறு கலரில் தொட்டு, காய்ந்த பாலிஷ் மேல் ஒற்ற வேண்டும். மூன்று புள்ளி வைத்தால் முக்கோணம். ஐந்து புள்ளி சுற்றி, நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தால் பூ.

அடுத்தது நுனி வெள்ளை. நகம் முழுக்க வெளிர் ரோஸ், நுனியில் மட்டும் மெல்லிசாக வெள்ளைக் கோடு. இதற்கு பிரெஞ்ச் மேனிக்யூர் என்று பெயர். பேர்தான் பிரெஞ்சு, 1970-களில் இதைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் ஆர்லி கம்பெனி. ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வரவேற்பு என்று பளிச்சென்று கலர் போட முடியாத இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தோது. ஆனால் மண்ணில் கை வைப்பவர்களுக்குச் சரிப்படாது. வெள்ளைக் கோட்டில் ஒரு துளி அழுக்கு பட்டாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

பிறை டிசைன் என்று ஒன்று உண்டு. நகத்தின் அடியில் பிறை மாதிரி கொஞ்சம் இடம் விட்டு, மீதியில் கலர் போடுவது. அடிப்பக்கம் நகம் வளர்ந்தாலும் அசிங்கமாகத் தெரியாது, பத்து நாள் வரை ஓட்டலாம். அடிக்கடி போட நேரம் இல்லாதவர்களுக்கு இதுதான் லாபம். பெரிய டவுன் பார்லர்களில் இப்போது கேட்-ஐ என்று சொல்லி, காந்தத்தைக் காட்டினால் பூனைக்கண் மாதிரி ஒளிக்கோடு நகரும் பாலிஷும், கண்ணாடி மாதிரி மின்னும் குரோம் பவுடரும் போடுகிறார்கள். பாலிஷில் இரும்புத் தூள் கலந்திருப்பதால்தான் காந்தத்துக்கு அசைகிறது. மாயம் ஒன்றுமில்லை.

கலரைப் பொறுத்தவரை, பாட்டிலில் எழுதியிருக்கிற இங்கிலீஷ் பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். புடவைக் கடையில் கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டால் போதும். அரக்கு, மெரூன், செங்கல் கலர், கத்தரிப்பூ கலர், வெங்காயத் தோல் கலர், காப்பர். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இவை அத்தனையும் எடுப்பாக இருக்கும். ஆனந்தா ப்ளூவும் மயில் கழுத்துக் கலரும் விசேஷத்துக்கு அள்ளும். நியூட் கலர் என்று விற்கிற வெளிறிய நிறத்தில் நம் கைக்குப் பொருந்தாதவையே அதிகம், சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். வாங்குவதற்கு முன் கட்டைவிரலில் போட்டு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. தினமும் சேற்றில், சிமெண்டில் நிற்பவர்களுக்கு மெரூனும் காப்பரும்தான் சரி. அழுக்கும் தெரியாது, கீறலும் தெரியாது.

அடர் சிவப்பை பேஸ் கோட் இல்லாமல் தொடர்ந்து போட்டால் நகம் மஞ்சள் பூக்கும். அது கறைதான், நகம் வளர வளரப் போய்விடும். ஆனால் பாலிஷே போடாத நகமும் மஞ்சளாகி, தடித்து, உதிர்ந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதன் மேல் கலர் போட்டு மறைத்தால் உள்ளே பரவும், தோல் டாக்டரிடம் காட்டுவதே சரி.

நம்ம ஊரு நெயில் பாலிஷ்

இத்தனை வந்தாலும் மருதாணியை அடிக்க ஒன்று இல்லை. ஆடி மாதம் வந்தால் இலை பறித்து, கொட்டைப்பாக்கோ புளியோ எலுமிச்சையோ சேர்த்து அம்மியில் அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பி வைத்து, ராத்திரி முழுக்க விட்டு காலையில் கழுவினால் நகம் செக்கச்செவேல். மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. புளிப்பு சேர்த்தால் அது நன்றாக வெளியே வந்து, நகத்தில் உள்ள கெரட்டினோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பாலிஷ் மேலே உட்காருகிறது, மருதாணி உள்ளே இறங்குகிறது. தண்ணீரில் எத்தனை மணி நேரம் நின்றாலும் உரியாததற்கு இதுதான் காரணம்.

ரொம்பச் சிவந்தால் புருஷனுக்குப் பாசம் அதிகம் என்று கேலி பண்ணுவார்கள். இலையின் முற்றல், கையின் சூடு, எத்தனை மணி நேரம் வைத்தோம் என்பதுதான் நிஜக் கணக்கு.

தோலில் போட்ட மருதாணி இரண்டு மூன்று வாரத்தில் மங்கிவிடும். நகத்தில் அப்படிப் போகாது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லி மீட்டர்தான் வளரும். அடியில் இருந்து நுனி வரை புது நகம் வர ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். ஆடியில் வைத்தது பொங்கலுக்கும் நுனியில் பிறை மாதிரி சிவப்பாக நிற்பது இப்படித்தான்.

சேற்றில் நிற்பவர்களுக்கு நகச்சுத்தி வராமல் மருதாணி காக்கும் என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. மருதாணிச் சாறுக்கு ஓரளவு பூஞ்சையை அடக்கும் சக்தி இருப்பது சோதனைக்கூட ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். ஆனால் நகச்சுத்தி வந்து சீழ் பிடித்த பிறகு மருதாணி அப்பிக்கொண்டு உட்கார்ந்தால் நாலு நாள் கூலி போய்விடும். ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

கோன் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருதாணி ஒருநாளும் கறுப்பாகப் பிடிக்காது. அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் என்று விற்றால், அதில் முடிச்சாயத்தில் போடும் பி.பி.டி. ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கை கொப்பளித்துத் தழும்பாகிவிடும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சர்க்கார் போடும் நகப்பூச்சு

காசு கொடுக்காமல் எல்லோருக்கும் கிடைக்கிற நகப்பூச்சு ஒன்று இருக்கிறது. தேர்தல் மை! கர்நாடகத்தில் உள்ள மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்ற அரசு நிறுவனம்தான் இதைத் தயாரிக்கிறது. 1962 பொதுத்தேர்தலில் இருந்து இந்த மை புழக்கத்தில் இருக்கிறது. இதில் உள்ள சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சம் பட்டதும் கறுக்கிறது. தோலில் சில வாரத்தில் போய்விடும். நகத்தில் பட்டது, மருதாணி மாதிரியே, நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பது வழக்கம் என்பதால், ஓட்டுப் போடப் போகிற அன்று அந்த ஒரு விரலை மட்டும் பாலிஷ் இல்லாமல் விட்டால் பூத்தில் வீண் பேச்சு இருக்காது.

ஜெல் போடலாமா?

பார்லரில் ஜெல் பாலிஷ் போட்டு, சின்ன விளக்குப் பெட்டிக்குள் கையை விடச் சொல்வார்கள். அது புற ஊதா விளக்கு. சாதா பாலிஷ் காற்றில் காய்கிறது, ஜெல் அந்த வெளிச்சத்தில் இறுகுகிறது. இரண்டு வாரம் அசையாது என்பதால் கல்யாணப் பெண்களுக்கு இதன் மேல் தனி மோகம்.

இப்போது ஆன்லைனில் விளக்கோடு சேர்த்து செட்டாகவே வாங்கி வீட்டில் போடுகிறார்கள். கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஜெல்லில் மெத்அக்ரிலேட் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அலர்ஜி பிடித்துக்கொள்ளும். பிடித்தால் ஆயுசுக்கும் போகாது. இங்கிலாந்தில் தோல் டாக்டர்கள் சங்கம் 2018-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. பல் அடைக்கும் சிமெண்டிலும், மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பயன்படும் பசையிலும் இதே குடும்ப ரசாயனங்கள் உண்டு. இருபது வயதில் நகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கின அலர்ஜி, அறுபது வயதில் மூட்டு ஆபரேஷனில் வந்து நிற்கலாம். ஜெல் இறுகுவதற்குச் சேர்க்கிற டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய யூனியன் நாடுகள் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்துவிட்டன. பாட்டில் லேபிளைப் படித்துப் பார்த்து வாங்கலாம்.

ஜெல் ஓரம் தூக்கினால் பிய்த்து எடுக்கக் கூடாது. நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். இன்னொன்று, தூக்கிய ஜெல்லுக்கும் நகத்துக்கும் நடுவில் ஈரம் தங்கினால் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகிவிடும். நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எளிதில் வரும். வயல் வேலை, பாத்திர வேலை, மீன் வெட்டும் வேலை செய்பவர்கள் ஜெல்லையும் ஒட்டு நகத்தையும் ஒதுக்கிவிடுவதே மேல்.

பார்லரில் நகத்தின் அடியில் இருக்கும் மெல்லிய தோலை வெட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது அழுக்கு இல்லை, கிருமி உள்ளே போகாமல் அடைத்திருக்கிற கதவு. கதவைக் கழற்றிவிட்டு மறுநாள் சேற்றில் கை வைத்தால் நகச்சுத்தி வராமல் என்ன செய்யும்? சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் நகம் விஷயத்தில் இன்னும் உஷார்.

டாக்டர் நகத்தைப் பார்ப்பார்

நகத்துக்கு அடியில் தெரிகிற ரோஸ் நிறம் ரத்தத்தின் நிறம். வெளுத்துக் கிடந்தால் ரத்தசோகை இருக்கலாம். இரும்புச்சத்து ரொம்பக் குறைந்தால் நகம் கரண்டி மாதிரி குழிந்துவிடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2019-21-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! வருஷம் முழுக்க மெரூன் பூசியே வைத்திருந்தால் வெளுத்தது யார் கண்ணுக்குத் தெரியும்? மாதத்தில் நாலைந்து நாளாவது நகத்தை வெறுமனே விட்டுப் பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்கும் பிரசவத்துக்கும் போகும்போது நர்சுகள் பாலிஷை அழிக்கச் சொல்வது கெடுபிடி இல்லை. நகத்தின் நிறம் நீலமாகிறதா என்று பார்க்கத்தான். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் நகத்தின் வழியே வெளிச்சம் விட்டுத்தான் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிறது. கறுப்பு, நீலம் மாதிரி அடர் கலர் பாலிஷ் இருந்தால் அளவு மாறிக் காட்டலாம். நிறை மாதக் கர்ப்பிணிகள் தேதி நெருங்கும்போதே பாலிஷை அழித்துவிடுவது நல்லது. ராத்திரி வலி எடுத்தால் ரிமூவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மருதாணி வைத்திருந்தால் அழிக்க வழியில்லை, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

ரிமூவர் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். நகத்தின் எண்ணெய்ப் பசையை அது உறிஞ்சிவிடும். பஞ்சில் நனைத்து நகத்தின் மேல் பத்து எண்ணும் வரை வைத்து ஒரே இழுப்பாகத் துடைத்து, கையைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பாட்டில் இருக்க வேண்டும், ரோஸ் கலரில் இருப்பதால் சர்பத் என்று நினைத்து வாயில் வைத்துவிடும். பாட்டிலில் பாலிஷ் கெட்டியாகிவிட்டால் சிலர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்குகிறார்கள், அதில் பாலிஷ் கரையாது. கடையில் தின்னர் என்று கேட்டால் கிடைக்கும், இரண்டு சொட்டு போதும். அதையும் விட, ஒவ்வொரு தடவையும் பாட்டில் கழுத்தைத் துடைத்துவிட்டு மூடியை இறுக்கி மூடினால் கெட்டியாகவே ஆகாது.